சக்களத்திக்குத் தைத்த சட்டை

ஜூன் 9, திங்கள்

காத்திருந்தவன் பொண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்பார்கள். என் கதை அதற்கும் ஒரு படி மேல். பட்டாளத்துக்குப் போன புருஷனுக்காகப் பதினேழு வருஷம் காத்திருந்தேன். பொங்கலுக்கு ஓய்வு பெற்று வந்து சேர்ந்தார். நான்கு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு இயந்திரம் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

கணியம்பாடியை விட்டு ஓசூருக்குக் குடிவந்ததே இந்த வேலைக்காகத்தான். தொழிற்பேட்டையில் ஒரு பெரிய ஷெட். அங்கே மனுஷ உருவத்தில் ஒரு சிப்பாய் செய்கிறார்கள். அதற்கு நடக்க, ஓட, குனிய, தவழக் கற்றுக்கொடுக்க உயிருள்ள சிப்பாய் ஒருவர் வேண்டுமாம். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு, மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டை, சுற்றிலும் கேமரா. இவர் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அது நடக்கிறது. வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை, எழுதுகிறேன், அவ்வளவுதான். என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லையே.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் தம்பி. இன்று சாப்பிடும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"தம்பி இன்னிக்கு மண்டி போட்டு ஏந்திரிச்சிட்டான் சாமுண்டி. கைய ஊணவே இல்ல."

எங்கள் மகள் கனிஷ்கா முதன்முதலில் எழுந்து நின்ற செய்தியை நான் போனில் சொன்னபோது, மலை உச்சியில் சிக்னல் கிடைக்காமல், "சரி, சரி, வச்சிடறேன்" என்றவர் இவர்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் தம்பி. சாம்பாரில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். கவனிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஷெட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிந்துஜா, கோபிச்செட்டிபாளையத்துக்காரி, இயந்திரத்துக்கு நடை சொல்லித்தரும் என்ஜினியர். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். வாய் நிறைய 'அக்கா, அக்கா' என்கிறாள். கையில் ராணுவ உடுப்பு ஒரு செட்.

"நீங்க நல்லா தைப்பீங்கன்னு சார் சொன்னாருங்க்கா. தம்பிக்கு இது தோள்ல பிடிக்குது. கொஞ்சம் பிரிச்சுத் தர முடியுங்களா?"

நான் ஜாக்கெட் தைக்கிறவள். பள்ளி யூனிஃபார்மும் உண்டு. இப்போது சக்களத்திக்கு உடுப்பு. ஆம், அப்படித்தான் கூப்பிடப் போகிறேன். தம்பியாவது, தங்கையாவது!

"அளவு இன்னா?" என்றேன்.

"சாரோட அளவேதானுங்க்கா. இடது முட்டி மட்டும் சாருக்கு முழுசா மடங்காது பாருங்க, அதனால அந்தப் பக்கம் துணி கொஞ்சம் தளர்வா இருக்கட்டும்."

அந்த முட்டிக்கு நான் எண்ணெய் தேய்க்கிறேன். அது எவ்வளவு மடங்கும் என்று இவள் எனக்குச் சொல்கிறாள். காப்பி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

ஜூன் 21, சனி

அளவெடுக்க நானே ஷெட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனார். வலது தோளைக் கொஞ்சம் இறக்கி, இடது காலைக் கொஞ்சம் வீசி. இத்தனை வருஷம் ரயிலடியில் நின்று நின்று நான் மனப்பாடம் செய்த முதுகு.

"ஏங்க!" என்று கூப்பிட்டேன்.

திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற ரப்பர். புருவம் உண்டு, உதடு உண்டு, பார்வைதான் எங்கேயும் இல்லை. நிஜமான அவர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான்.

"பாத்தியா, என் பொண்டாட்டியே ஏமாந்துட்டா," என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்.

டேப்பை அதன் மார்பைச் சுற்றிப் போட்டேன். உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்ததால் வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தொடவே கூச்சமாக இருந்தது. பிறகு எங்கிருந்தோ கோபம் வந்தது. குண்டூசியை எடுத்து அதன் தோளில் நன்றாகவே ஒரு குத்து குத்தினேன்.

"ஏ, பாத்து, பாத்து!" என்று அவர் ஓடி வந்தார். என் விரலில் ரத்தம் வந்தது. அவரோ, ரப்பரில் ஓட்டை விழுந்ததா என்று பார்த்தார்.

ஜூன் 24, செவ்வாய்

உடுப்பு முடிந்தது. தோள் பிரித்து, முட்டி தளர்த்தி, ஓரம் எல்லாம் நூல் பிரியாமல் ஓவர்லாக். வேலையில் குறை வைக்க எனக்குத் தெரியாது. வைத்திருக்கலாம்.

ஜூலை 4, வெள்ளி

இன்று விஷயம் வெளியே வந்தது. இந்த மாதக் கடைசியில் பட்டாளத்துப் பெரிய அதிகாரிகள் சோதனை பார்க்க வருகிறார்கள். தேறிவிட்டால் இதைப்போல நூற்றுக்கணக்கில் செய்வார்கள். வடக்கே ஒரு முகாம். இவரும் கூடப் போய் அத்தனைக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம். குடும்பத்துக்கு அனுமதி இல்லை.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பாக்கலாம்னு சொன்னேன்."

இவருடைய 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் லீவை வெட்டிக்கொண்டு கிளம்பும் முன்னால் சொன்ன 'பாக்கலாம்'தான். ஆடி மாதம் என்றால் புதுப்பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்து அழைத்துப்போவார்கள். எனக்குக் கல்யாணமானதிலிருந்து பன்னிரண்டு மாதமும் ஆடி.

அது விழ வேண்டும். அதிகாரிகள் முன்னால் குப்புற விழ வேண்டும். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

சண்டை. ஆரம்பித்தது தேங்காய்த் துருவியில். முடிந்தது வேறு இடத்தில்.

"அந்த மிஷினயே கட்டிக்கினு குடும்பம் நடத்துங்க. உப்பு இல்லன்னாலும் அதுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நல்ல ஜோடி," என்றேன்.

அவர் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "அது போச்சின்னா மனுஷன் போவத் தேவயில்லடி. புரியுதா? எந்த வூட்டு வாசல்லயும் மனுஷன் வராம பெட்டி மட்டும் வராது. நீ ராத்திரி போன் அடிச்சா பயந்துக்கினு எடுப்பியே, அது இருக்காது யாருக்கும்."

தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அப்ப எதிர்ல நிக்கிறவன் வூட்ல?"

அவர் துருவியை எடுத்துத் தேங்காயைத் துருவ ஆரம்பித்தார். சட்னி நன்றாக வந்தது.

ஜூலை 27, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை.

சோதனை ஊருக்கு வெளியே கைவிட்ட கல் குவாரியில். ஏறும்போது உடுப்புக் கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும் என்று சிந்துஜா என்னையும் அழைத்துப் போனாள். ஊசி நூலோடு ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கர்னல் ஒருவர், அவரோடு நாலைந்து அதிகாரிகள், எல்லாரும் இந்திக்காரர்கள். குவாரிப் பள்ளம் முழுக்க மணல் நிரப்பிய துணிப் பொம்மைகளைப் பிணம் மாதிரி போட்டிருந்தார்கள். நம் உடுப்பில் சில, எதிரி உடுப்பில் பல. சண்டை நடந்து முடியாத இடமாம் அது. அதற்கு நடுவே புகுந்து போய், அந்தக் கோடியில் மணல் மூட்டை அடுக்கிய வீட்டைப் பிடிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் வெடிச் சத்தம்.

சக்களத்தி இறங்கியது. பொய் சொல்ல மாட்டேன், என்ன ஒரு இறக்கம்! பாறையில் பக்கவாட்டில் சறுக்கி, வலது தோளை இறக்கி, துப்பாக்கியை மார்போடு அணைத்து. பதினேழு வருஷமும் என் புருஷன் எப்படி வேலை பார்த்தார் என்பதை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் பார்க்காததை எல்லாம் இது பார்த்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றுக்குள்ளேயே ஒரு பெருமையும் இருந்தது.

பாதித் தூரத்தில் அதன் கால் ஒரு பொம்மையின் கையில் இடித்தது.

நின்றது. குனிந்தது. வலது கை விரலால் அந்தப் பொம்மையைத் தொட்டது. தொட்ட விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது. பிறகு ஓடியது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பொம்மை. எதிரி உடுப்புப் பொம்மை. காலில் பட்டது. வெடி வெடிக்கிறது, இது நின்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. அடுத்ததிலும் அப்படியே. கோவில் பிராகாரத்தில் கூட்டத்துக்குள் போகிறவரைப் போல, இடிபட்ட ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அது சண்டைக்குப் போனது.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, அந்தக் குவாரியே எதிரொலிக்கிற மாதிரி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

பயிற்சியின்போது பொம்மைகளுக்கு நடுவே நடந்து காட்டியிருக்கிறார். கால் பட்டபோதெல்லாம் தன்னை அறியாமல் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார். சிந்துஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எத்தனை பேர் அந்த வீடியோவப் பார்த்தோம்ங்க்கா. ஒருத்தருக்கும் தப்பாவே தெரியலைங்க்கா," என்றாள். எப்படித் தெரியும்? அவர்கள் கால் பட்டிருந்தாலும் அதைத்தானே செய்திருப்பார்கள்.

கர்னலுக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்தார். பிறகு இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"இன்னா சொன்னாரு?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"மூணு வாரத்துல அந்தக் கும்பிடற பழக்கத்த எடுத்துட்டுக் காட்டச் சொன்னாரு."

நான் காதில் வாங்கவில்லை. தோற்றுவிட்டது, அதுதான் எனக்கு.

ஜூலை 28, திங்கள்

கூழ் ஊற்றினேன். கேசரியும் கிளறினேன். கனிஷ்கா, "யாருக்கும்மா பர்த்டே?" என்றாள்.

சாயங்காலம் அவர் தானாகவே பேசினார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்பும் திருச்சூர் வர்கீஸைப் பற்றி. கூட வேலை செய்தவர் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

"பனியில ஏறிக்கினு இருந்தோம். மேலேருந்து சுட்டான். ஓடறப்ப அவன் மேல கால வச்சிட்டேன். செத்துட்டான்னுதான் நெனச்சேன். செத்தவன மிதிச்சிட்டமேன்னு குனிஞ்சி தொட்டா, கழுத்து சூடா கீது. தூக்கினு வந்தேன்."

இவ்வளவுதான் சொன்னார். நான் கேசரிக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் இவர் திரும்பி வர வேண்டும் என்றுதான். இவர் எதைச் செய்துவிட்டுத் திரும்பி வருகிறார் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

ஜூலை 31, வியாழன்

சிந்துஜா மறுபடி வந்தாள். அந்தப் பழக்கம் அதன் நடை முழுக்க ஊறிவிட்டதாம். அதை மட்டும் தனியாகப் பிடுங்கினால் நடையே கெடுகிறதாம். அவர் மறுபடியும் முதலிலிருந்து நடந்து காட்ட வேண்டும். பொம்மைகளை மிதித்து, குனியாமல்.

எனக்கு ஏன் அப்படிப் பேசத் தோன்றியதோ, வர்கீஸ் கதையை அவளிடம் சொன்னேன். "குனிஞ்சதாலதானே அந்த ஆளு பொழைச்சான்? இருந்துட்டுப் போவட்டுமே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண்தான். ஆனாலும் சொன்னாள், "சூடு இருக்குதான்னு பாக்கத் தம்பிக்குத் தனியா ஒரு கண்ணு வச்சிருக்குதுங்க்கா. குனியவே வேண்டியதில்லீங்க."

"சூடு இருந்தா இன்னா செய்யும்?"

"நம்ம ஆளா, எதிரியான்னு பாக்குமுங்க்கா."

இந்தத் தடவை காப்பியில் சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தேன். அவள் பாதிதான் குடித்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

முடியவில்லையாம். கால் படுகிறது, கை போகிறது. நாள் முழுக்க அப்படியே.

ஆகஸ்ட் 4, திங்கள்

நான் ஜெயிக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அவர் குனியும்போதெல்லாம் ஷெட்டில் ஒரு மணி அடிக்கிறார்களாம். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. தலையணை எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிப்போட்டு அதன்மேல் நடந்தார். கனிஷ்காவுக்கு ஒரே குஷி. அவர் கை கீழே போனால் தட்டைத் தட்டுவது அவள் வேலை.

"அப்பா அவுட்! அப்பா அவுட்!"

பீடியை விடச் சொல்லி எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்! எனக்காக ஒரு பழக்கத்தை இவர் விட்டதுண்டா? சக்களத்தி கேட்டால் மட்டும் பிறவிக் குணத்தையே விடுவாராம். தலையணைகளை எடுத்து உறை மாற்றினேன். தேவையே இல்லை, எல்லாம் நேற்றுத் துவைத்தவை.

ஆகஸ்ட் 9, சனி

இன்று அவுட் இல்லை. கனிஷ்கா சலித்துப்போய் டிவி பார்க்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்தாராம். ஒரு தடவைகூடக் குனியவில்லையாம். சிந்துஜா கைதட்டினாளாம். இதைச் சொல்லிவிட்டுச் சோறு வேண்டாம் என்றார். குளியலறையில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. போய்ப் பார்த்தால் முட்டி வரை காலை நுரைக்க நுரைக்கத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். சேறு இல்லை, ஒன்றும் இல்லை. ஷெட்டில் சிமெண்டுத் தரைதான்.

"இன்னா ஆச்சி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. தூசி."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மறு சோதனை. இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. உடுப்பு கிழியவில்லையாம். கேட்ட நேரத்துக்கு முன்பாகவே அது மணல் மூட்டை வீட்டைப் பிடித்துவிட்டதாம். வழியில் எது காலில் பட்டாலும் நிற்கவில்லை. கர்னல் எல்லாருக்கும் கை கொடுத்தாராம். இவருக்கும்தான்.

நான் அலமாரியைத் திறந்து அவருடைய கம்பளிச் சட்டைகளை எடுத்து வைத்தேன். வடக்கே குளிரும். அழக்கூடாது என்றுதான் இருந்தேன், மூக்கு ஒழுகியது.

"இன்னா பண்ற?"

"மூட்டை கட்றேன்."

"எடுத்து வையி உள்ள. நான் போவல."

திரும்பிப் பார்த்தேன்.

"அதுக்கு இனிமே நான் வேணாமாம். மத்தது எல்லாம் அத்தப் பாத்தே கத்துக்குமாம். மாசக் கடைசியோட என் வேல முடிஞ்சிது."

அவர் வருத்தமாக இருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. என் முகத்தில் தெரிந்திருக்கும். அந்தக் கம்பளிச் சட்டைகளை அலமாரியின் அடித்தட்டில் கொண்டுபோய்த் திணித்தேன். காத்திருந்தவளுக்குத்தான் கடைசியில் கிடைத்தது. போடி சக்களத்தி, போ!

ஆகஸ்ட் 20, புதன்

பூசணிக்காய்க் கூட்டு. உப்புக் குறைவு என்றார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். மார்க்கெட்டுக்குக் கூடவே வந்து பையைத் தூக்கினார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கனிஷ்கா பள்ளி விட்டு வந்த களைப்பில் கூடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். அவர் கதவைத் திறக்கப் போனவர் அவள் தலையில் காலை இடித்துவிட்டார். போய்க் கதவைத் திறந்தார். கேஸ் சிலிண்டர்க்காரர். வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினார். மறந்திருப்பார். சிலிண்டர் அவசரம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம். சாப்பாடு முடிந்து கனிஷ்கா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விட்டாள். இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு, சமையலறை வாசலுக்குக் குறுக்கே பாயைக்கூட விரிக்காமல் வெறுந்தரையில் படுத்தேன். வலி ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தண்ணீர் குடிக்க வருவார் என்று தெரியும். சாப்பிட்ட பிறகு எப்போதும் வருவார்.

வந்தார். காலடிச் சத்தம் நெருங்கியது. அவர் கால் என் விலாவில் இடித்தது. லேசாக இல்லை, நன்றாகவே. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குனிவார், விரல் என் மேல் படும், படும் என்று காத்திருந்தேன். ரயிலடியில்கூட அப்படிக் காத்திருந்ததில்லை.

பானையிலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. குடிக்கும் சத்தம். டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் சத்தம். திரும்பி வரும்போது என் முந்தானையை மிதித்துக்கொண்டு தாண்டினார்.

கண்ணைத் திறந்தேன். "ஏங்க."

நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, அலட்சியம் இல்லை. நல்ல மனுஷனின் முகம்தான், எப்போதும் போல.

"கால் பட்டுச்சி," என்றேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?" என்றார்.